ஊருக்கெல்லாம் மச்சான்

புதன்கிழமை காலை ஏழரை மணி வாக்கில் என் கணவர் ரேடியோவில், "வெயில் பளிச்சுனு அடிக்குது, துணிமணியெல்லாம் தைரியமா காயப் போடுங்க" என்றார். அப்போதுதான் நான் மாடிக் கொடியில் கிடந்த துணிகளை வாரி எடுத்துக்கொண்டு, தொப்பலாக நனைந்து, சமையலறைக்குள் வந்து நின்றேன். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் உட்காரும் ஸ்டூடியோவில் ஜன்னல் இருக்கிறது. நானே பார்த்திருக்கிறேன். எட்டிப் பார்த்தால் பஸ் நிலையம் வரைக்கும் தெரியும். அப்படியானால் மனுஷன் ஸ்டூடியோவிலேயே இல்லை.

இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. முந்தின நாளே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மறுநாள் நான்கு மணி நேரத்துக்கான பேச்சைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் போட்டுவிடலாம். பாட்டுக்கு நடுவே அது தானாகப் பேசிக்கொள்ளும். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். நேரில் பேசும்போது மணியை நிமிஷத்தோடு சொல்வார். பதிவு செய்த பேச்சில் நிமிஷம் வரவே வராது. ஒரு பாட்டு முன்னே பின்னே நகர்ந்தால் குட்டு உடைந்துவிடுமே. அன்று காலையெல்லாம், "ஏழு மணியைத் தாண்டி ஓடிட்டிருக்கோம்" என்றே மழுப்பிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பியவர் எங்கே போனார்? வேறு பெண் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அவருக்குச் சபலமெல்லாம் ஊர்கள்மேல்தான்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். இது ஆறாவது ஊர். ஒவ்வொரு ரேடியோ நிலையத்திலும் அவருக்கு ஒரு செல்லப்பெயர் வைப்பார்கள். முதல் ஊரில் காலைப்புயல். அடுத்து சர்க்கரை. அப்புறம் லொடலொட, ஜோக்கர், மைக் மாமா. பெயர் நிலையத்துக்குச் சொந்தம் என்பதால் வரும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். இந்த ஊரில் அவர் மச்சான். பால் போடுகிறவரிலிருந்து போலீஸ்காரர் வரை எல்லோருக்கும் மச்சான். அவர் ஊருக்கெல்லாம் மச்சான் என்றால் நான் ஊருக்கெல்லாம் அக்கா ஆக வேண்டியதுதானே? தலை நரைத்தவர்கள்கூட என்னை அக்கா என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. போகிறேன் என்று வாயைத் திறந்த அடுத்த நிமிஷம் நுழைவு அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வாசலில் விட்டுவிடுவார்கள். போகிறவன் கையில் மைக்கைக் கொடுத்தால் எதையாவது உளறிவைப்பான் என்று பயம். அதனால் ஐந்து ஊரிலும் நேற்றுவரை இருந்த குரல் இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் அதே கதை. எனக்கே மூன்று நாள் முன்பு சொன்னால் பெரிய விஷயம். மகள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரிடமும் சொல்லிக்கொண்டு வந்ததில்லை. ஒரு தடவை, சிநேகிதிக்கு வாங்கிவைத்த பிறந்தநாள் பரிசை லாரியிலேயே பிரித்துப் பார்த்தாள்.

இந்த ஊருக்கு வந்தபோது அவள் தன் அட்டைப்பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அதன்மேலேயே வைத்து எழுதினாள், படித்தாள். போன வருஷம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பிரித்துப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கினாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல நகர்ந்துவிட்டேன். இப்போது பள்ளியில் கடைசி வருஷம், இரண்டு மாதத்தில் பெரிய பரீட்சை. எனக்கும் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை, போன வாரம்தான் நிரந்தரமானது. போன ஊரிலெல்லாம் தற்காலிகமாகவே ஊசி குத்திக் குத்தி எனக்கு அலுத்துப்போயிருந்தது. இந்த ஊரிலிருந்து யாராவது என்னைக் கிளப்பப் பார்த்தால் கடித்தாலும் கடித்துவிடுவேன் என்ற நிலையில் இருந்தேன்.

அறிகுறிகள் ஒரு மாதமாகவே தெரிந்தன. குழாய்த் தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்றார். தெரு குறுகிக்கொண்டே வருகிறது என்றார். சாப்பிட்டு முடித்ததும் உட்காராமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். குளியலறையில் இயர்போனை மாட்டிக்கொண்டு வேறு ஊர் ரேடியோ கேட்டார். நான்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார். முகத்தில் விளக்குப் போட்டதுபோல ஒரு வெளிச்சம். செருப்பில் மட்டும் செம்மண். எங்கள் ஊரில் செம்மண் கிடையாது.

"ஷோ எப்படிப் போச்சு?" என்றேன்.

"செம. போன் வந்துகிட்டே இருந்துச்சு."

"வராம பின்ன? வெயில் அந்தப் போடு போட்டுச்சே."

சட்டைப் பொத்தானில் இருந்த கை அப்படியே நின்றது.

"நீ கேட்டியா?"

"ஊரே கேட்டுச்சு. நனைஞ்ச துணி உள்ள தொங்குது, போய்ப் பாருங்க."

நிலைய மேனேஜர் ஏற்கெனவே அவரைப் போனில் கிழிகிழியென்று கிழித்திருந்தாராம். வானிலை அறிவிப்பைக் காசு கொடுத்து வழங்குவதே ஒரு குடைக்கடை. பேய்மழையில் வெயிலடிக்கிறது என்றால் கடைக்காரர் சும்மா விடுவாரா? அதைச் சொல்லும்போது இவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். இப்படிச் சிரிக்கவைத்துத்தானே ஐந்து தடவை என்னை லாரியில் ஏற்றினார்.

"பெரிய நிலையம்மா," என்றார். "நாலு மாவட்டத்துக்குக் கேக்கும். காலை ஷோ. திங்கக்கெழம வந்து சேருன்னுட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வரேன்னேன்."

"வரேன்னா, வரோம்னா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் சத்தம் போட்டேன். மகளுடைய பரீட்சை, என்னுடைய வேலை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே, "எனக்குப் புரியாம இல்ல. ஆனா இங்க மூச்சு முட்டுது. அதே தெரு, அதே குரலு, அதே பாட்டு கேக்கற அதே ஆளுங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

மகள் தன் அறையிலிருந்து வந்தாள். ஸ்டூலைப் போட்டுப் பரணில் இருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினாள். மூட்டை கட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அவருடைய சட்டைகளை மடித்து அடியில் வைத்தாள். ஷேவிங் சாமான், மூக்குக் கண்ணாடி, பழைய ஹெட்போன், தொண்டை கட்டினால் போடுகிற மாத்திரை. ஒன்றைக்கூட மறக்கவில்லை. டேப் ஒட்டி, மார்க்கர் பேனாவால் மேலே எழுதினாள்: அப்பா.

அவர் நடப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்ப்பா," என்றாள். குரல் உயரவில்லை. உயர்த்தியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் வெகுநேரம் அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போகிறாரா இல்லையா என்று தெரியாமலேயே நான் போய்ப் படுத்தேன்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு வழக்கம்போலக் கிளம்பினார். பெட்டி கூடத்திலேயே இருந்தது. எடுத்துக்கொண்டும் போகவில்லை, பிரிக்கவும் இல்லை. மழை விடவில்லை. ரேடியோவைப் போட்டுவிட்டு நான் கடிகாரத்துக்கு எதிரே நின்றேன். மகள் கையில் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

ஒரு பாட்டு முடிந்தது.

"மணி ஏழு பன்னெண்டு," என்றார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பன்னிரண்டு.

"மழை ஊத்துது. இன்னைக்கு நெசமாவே இங்க உக்காந்து பேசறேன். நேத்து நான் இங்க இல்ல. வேற ஊர்ல வேலை கேக்கப் போயிருந்தேன். நீங்க கேட்டது முந்தின நாள் பேசிவெச்சது. துணி நனைஞ்சவங்க மன்னிச்சுக்குங்க. வேலை கெடச்சிருச்சு. போறேன். இதுக்கு முன்னாடி அஞ்சு ஊர்ல இருந்தேன், ஒருத்தர்கிட்டயும் சொல்லிக்கிட்டதில்ல. சொல்லவும் விடமாட்டாங்க. இப்பகூட வெளிய கதவைத் தட்டறாங்க, உங்களுக்குக் கேக்கும். என்னால ஒரு எடத்துல இருக்க முடியலங்க. அது என் குத்தம், உங்க ஊரு மேல ஒரு குத்தமும் இல்ல. எங்க வீட்ல ரெண்டு பேரும் என்கூட வரல. அவங்க சொல்றதுதான் நியாயம். மச்சான் போனாலும் உங்க அக்கா இங்கதான் இருக்கா. கொஞ்சம் பாத்துக்..."

சடாரென்று குடைக்கடை விளம்பரம் வந்தது. அதற்குப் பிறகு பாட்டு. அதற்குப் பிறகும் பாட்டுதான்.

எனக்குக் கோபம் வந்தது. ஊரோடு ஊராக எனக்கும் ரேடியோவில்தானா சொல்ல வேண்டும்? அழுகையும் வந்தது. முதல் தடவையாகச் சொல்லிவிட்டுப் போகிறார், அதையும் முழுசாகச் சொல்ல விடவில்லையே என்று.

மகள் தட்டை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வாசலில் மாட்டியிருந்த தன்னுடைய குடையை எடுத்து, சட்டைகளுக்கு மேலே குறுக்காக வைத்தாள். மறுபடி டேப் ஒட்டினாள். "அங்கயும் மழை பெய்யுமில்ல," என்றாள், என்னைப் பார்க்காமல். அவள் நனைந்துகொண்டேதான் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போனாள்.

எட்டு மணிக்கு நான் லேபில் இருந்தேன். வரிசையில் இருபது பேர். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முதல் ஆள் ஒரு பஸ் டிரைவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மேஜைமேல் கையை நீட்டினார். நான் ஊசியை எடுத்தேன். நரம்பு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, எல்லாம் கலங்கலாக இருந்தது.

"அக்கா," என்றார் அவர் மெதுவாக. "ஒண்ணும் அவசரமில்ல. மொதல்ல கண்ணைத் தொடைச்சுக்குங்க, அப்புறம் குத்துங்க. நாங்க இங்கதான இருக்கோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.