நாத்தனாரின் மீன்தொட்டி

நான்கு வருடம் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட மீன்தொட்டியை என் நாத்தனார் ஆறே வாரத்தில் தட்டிப் பறித்துக்கொண்டாள். மணிக்கட்டு முறிந்து நான் வீட்டில் கிடந்தபோது, எனக்குப் பதிலாகத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளப் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனவள் அவள். கட்டுப் பிரித்துக்கொண்டு போய் நின்றேன். "அவங்களே பாத்துக்கட்டும். தண்ணி ஊத்துறதுதானே வேலை," என்றார் டாக்டர். அவளோ ஒன்றும் தெரியாதவள் போலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

தண்ணீர் ஊற்றுவதுதானாம். அந்தக் கட்டடத்துக் குழாயில் வருவது கடினநீர். கெட்டிலின் அடியில் ஒரே மாதத்தில் சுண்ணாம்பு படிந்துவிடும். அதனால்தான் மூன்று கேன் ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒரு கேன் குழாய்த் தண்ணீர் என்று கலந்து, இடுப்பு ஒடிய மாடி ஏறுவேன். ஆவியாகிக் குறைந்ததை நிரப்ப ஆர்.ஓ. மட்டும்தான். தண்ணீர்தான் ஆவியாகும், சுண்ணாம்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதன்மேல் குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் வாரத்துக்கு வாரம் சுண்ணாம்பு ஏறும். முதலில் செடிகள் வெளுக்கும். அப்புறம் என் நியான் மீன்கள் சாகும், இருபத்திரண்டும்.

ஒருநாள் அவளே போன் செய்தாள். "அண்ணி, தொட்டியில தண்ணி குறைஞ்சிருக்கு. எதை ஊத்தணும்?"

"குழாய்த் தண்ணிய ஊத்து. தண்ணி ஊத்துறதுதானே வேலை."

சொன்னதும் வாய் இனித்தது. மீன்களை நினைத்தபோது நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. உறுத்தட்டும், அவள் மூக்கு உடைந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு பல்வலி என்று பொய் சொல்லி டோக்கன் வாங்கினேன்.

தொட்டி பளிச்சென்று இருந்தது. ரிப்பன் ரிப்பனாக வளர்ந்த புதுச் செடிகளுக்கு நடுவே கப்பி மீன்கள், பொடிப்பொடிக் குஞ்சுகளோடு. என் நியான்களில் ஒன்றுகூட இல்லை. நான் எதற்காகக் காத்திருந்தேனோ அது நடந்துவிட்டது, ஆனால் ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா என்று கண்ணாடியில் முகத்தை ஒட்டித் தேடினேன்.

நாத்தனார் உள்ளேயிருந்து தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையோடு வந்தாள். நியான்கள்.

"இருபத்திரண்டும் இருக்கு, அண்ணி. உங்க கேன்ல மிச்சம் இருந்த தண்ணியில, பின் ரூம்ல வச்சிருந்தேன். கெட்டிலைப் பாத்தாலே தெரியுதே, இந்தக் குழாய்த் தண்ணி அதுங்களுக்கு ஆகாதுன்னு. என்னால கேன் தூக்க முடியாது. அதான் இந்தத் தண்ணிக்கு ஏத்த மீனா வாங்கி விட்டுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எப்ப பாக்க வருவீங்கன்னுதான் நானும் பாத்துட்டு இருந்தேன்."

பையை என் கையில் திணித்துவிட்டு, என் டோக்கன் எண்ணை அவளே உரக்கப் படித்தாள். உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தேன். எந்தப் பல் என்று டாக்டர் கேட்டார். கதவருகே அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மீன்களை மடியில் வைத்துக்கொண்டு, நன்றாக இருந்த ஒரு பல்லைக் காட்டினேன்.