உடைந்த பல்லின் வெள்ளை

பற்சக்கரத்திலிருந்து உடைந்து வந்த பல்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் உலைக்காரர். உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். இது வெள்ளை வெளேரென்று மின்னியது. ஒரே மாதத்தில் திரும்பி வந்த நான்காவது சக்கரம். வார்ப்பாலையில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'அனலார்' என்று பெயர். உலையின் சூட்டுக்காக மட்டும் வைத்த பெயர் அல்ல.

"சனிக்கிழமைக்குள்ள யாரு தப்புன்னு எனக்குத் தெரியணும். அந்த ஆளுக்கு இங்க வேலை இல்ல," என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

அனலாருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பல் தேயாமல் இருக்க உருகிய இரும்பில் கொஞ்சம் குரோமியம் சேர்ப்பார்கள். வெறும் குரோமியம் என்றால் இரும்பு வெளுத்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தேயாது, ஆனால் ஒரு அடிக்குத் தாங்காது. அதைச் சரிக்கட்டத்தான் நிக்கல். உடைந்த இடம் வெளுத்திருக்கிறதா, நிக்கல் குறைந்திருக்கிறது. நிக்கலோ விலை உயர்ந்த சரக்கு. எடை போட்டுத் தருவது ஸ்டோர்காரன். அவன் வேறு யாருமில்லை, தங்கை புருஷன். அனலாரே கெஞ்சிக் கூத்தாடி வேலைக்குச் சேர்த்துவிட்ட மாப்பிள்ளை.

சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் சும்மா இருக்குமா? மாப்பிள்ளை சிரித்தால் கள்ளச் சிரிப்பாகப் பட்டது. சிரிக்காவிட்டால், மடியில் கனம் என்று பட்டது. போன வாரம் சாப்பிடும்போது அவன் ஏதோ ஆரம்பித்தான்.

"மச்சான், கல்லுடைக்கிற மெஷின்லேர்ந்து கழட்டின பழைய தட்டெல்லாம் ஒரு லோடு வந்துச்சே, அத உலையில..."

"உருகினா எல்லாம் இரும்புதான்டா. நீ உன் ஸ்டோர பாரு," என்று அனலார் வாயை அடைத்துவிட்டார். பேச்சைத் திசைதிருப்பப் பார்க்கிறான் பயல் என்று இப்போது உறைத்தது.

நான்கு நாள் மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்து, அச்சுப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து வேவு பார்த்தார். நான்கு நாளும் மாப்பிள்ளை ஒரு சாக்கைத் தோளில் சுமந்துகொண்டு, கூனிக் குறுகி, மணல்மேட்டுக்குப் பின்னால் போனான். வெறுங்கையோடு திரும்பினான். அந்தக் கனம் சோற்றுமூட்டையின் கனம் அல்ல.

சனிக்கிழமை காலையில் தங்கை வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டார்.

"உன் புருஷன் திருடுறான்மா."

தங்கை துவைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போடவில்லை. "திருடினா நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து நிறுத்துறேன். இல்லேன்னா நீ இதே வாசல்ல வந்து நின்னு சொல்லணும்ணே," என்றாள்.

மதியம் முதலாளியைக் கூட்டிக்கொண்டு அனலார் மணல்மேட்டுக்குப் போனார். மாப்பிள்ளை சாக்கை இறக்கிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே பத்துப் பதினைந்து சாக்கு அங்கே அடுக்கியிருந்தது.

"கொட்டுடா!" என்றார் அனலார். குரலில் வெற்றி வழிந்தது.

அவன் கொட்டினான். நிக்கல் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு உடைந்த இரும்புத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் கல்லைக் கடித்து மழுங்கிய வரிகள்.

"பழைய இரும்பக்கூட விட்டுவைக்க மாட்டியா?" என்று முதலாளி முகம் சுளித்தார். "ஸ்டோர் சாவியக் குடுத்துட்டுக் கிளம்பு."

மாப்பிள்ளை அனலாரை ஒரு தடவை பார்த்தான். பிறகு இடுப்பிலிருந்த சாவியைக் கழற்ற ஆரம்பித்தான்.

அந்தப் பார்வை அனலாரை என்னவோ செய்தது. குனிந்து ஒரு துண்டை எடுத்தார். அங்கே கிடந்த சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டார். வளையக்கூட இல்லை, சட்டென்று இரண்டாகத் தெறித்தது. உடைந்த இடம் வெள்ளை வெளேரென்று மின்னியது.

கல்லை அரைக்கிற தட்டு. தேயவே கூடாது என்று குரோமியத்தைக் கொட்டி வார்த்த இரும்பு. அதைத்தான் ஒன்றரை மாதமாகப் பழைய இரும்போடு பழைய இரும்பாக அவர் உலையில் அள்ளிப் போட்டிருந்தார். அதற்கு மேல் வழக்கமான குரோமியம் வேறு. நிக்கல் முழுசாகத்தான் வந்திருக்கிறது. இவ்வளவு குரோமியத்தை அது எப்படிச் சரிக்கட்டும்?

"ஏன்டா முதலாளிகிட்ட சொல்லல?" என்றார், முதலாளி காதில் விழாதபடி மெல்ல.

"சொன்னா உங்க வேலை போயிடும் மச்சான். உங்ககிட்ட சொன்னா கேக்க மாட்டீங்க. அதான் இந்தத் தட்டெல்லாம் உலைக்குப் போகாம குவியல்லேர்ந்து பொறுக்கிட்டு இருந்தேன். இன்னும் பாதி கிடக்கு," என்று அவனும் குரலைத் தாழ்த்தினான்.

அனலார் உடைந்த துண்டை இன்னொரு தடவை பார்த்தார். சும்மா இருந்துவிட்டால் போதும். வேலை தப்பிக்கும், இருபது வருடப் பெயரும் தப்பிக்கும். கையுறைகளைக் கழற்றி முதலாளியிடம் நீட்டினார்.

"சாவி அவன்கிட்டயே இருக்கட்டும் முதலாளி. இத உலையில போட்டது நான்தான்."

முதலாளி கையுறைகளையும் உடைந்த துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அனலார் அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி இந்நேரம் வீட்டுலதானே இருப்பா?"