துரை வண்டிச் சத்தம்

நூர்தீன் நானா கொடுத்த தேத்தண்ணியைச் சோலைமலை நின்றுகொண்டே குடித்தார். பக்கத்தில் நாற்காலி இருந்தது. உட்கார முடியவில்லை. ஒரு வாய் குடிப்பதும், கோப்பையை ஜீப்பின் மூக்கில் வைப்பதும், குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்ப்பதும், எழுந்து மறுபடி ஒரு சுற்று வருவதுமாக இருந்தார்.

"இரியேன் சோலமல. வண்டி ஓடிப் போகாது," என்றார் நானா.

"ஓடாதுன்னா எனக்கு எதுக்குங்க நானா?"

நானா வயிறு குலுங்கச் சிரித்தார். ஹட்டன் பஸாருக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டிய சரிவில் அவருடைய பழைய வண்டி யார்டு இருந்தது. இரண்டாம் உலகச் சண்டை முடிந்து பதினைந்து வருஷம் ஆகியும் இராணுவம் ஏலம் விட்ட ஜீப்புகள் எங்கெங்கோ உழைத்துக் களைத்துக் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தன. அன்றைக்கு ஓடக்கூடியதாக இரண்டு நின்றன. ஒன்று பச்சைப் பெயின்ட் புதிதாக அடித்தது; அதன் விலையைக் கேட்டதுமே சோலைமலை அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். மற்றது இது. கூரைக் கித்தான் ஒட்டுப் போட்டது. முன் விளக்கில் ஒன்று குருடு. மைல் காட்டும் முள் செத்துக் கிடந்தது.

"முள்ளப் பாக்காத," என்றார் நானா. "அது நின்டு ரெண்டு வருஷம். அதுக்குப் பொறகும் ஓடித்தான் ஈக்கி. ஒனக்கிட்ட நான் பொய் செல்லுவனா?"

"சொல்லுவீங்க."

"செல்லுவேன் தான். ஆனா இன்டக்கிச் செல்லல்ல."

பத்து வருஷத்துக்கு மேல் தோட்டத்து லாரி ஓட்டியவர் சோலைமலை. இப்போது பஸாரில் ஒரு காய்கறி மொதலாளிக்கு லாரி ஓட்டுகிறார். ஆகவே வண்டியின் காயங்கள் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் கேட்டது ஒன்றைத்தான். தோட்டத்து மேல் டிவிசன் ஏற்றத்தில் இது ஏறுமா?

அவருடைய ஒரே மகள் நாகலெட்சுமி அங்கேதான் கட்டிக்கொடுக்கப்பட்டிருந்தாள். நிறைமாதம். தோட்டத்து ரோடு மூன்றாம் முடக்கு வளைவு வரைதான் ரோடு. அதற்கு மேல் சேறும் கல்லும். லாரி ஏறாது, கார் நினைக்கவே வேண்டாம். நோய் நொடி என்றால் ஆளைக் கம்பளியில் போட்டு, கம்பளியைக் கம்பில் கட்டி, நாலு பேர் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆடி மழையில் அவருடைய மனைவி காளியாயியையும் அப்படித்தான் இறக்கினார்கள். அவர் அந்த நேரத்தில் வட்டவளை ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். காளியாயி ஆஸ்பத்திரி வரை வரவில்லை. மூன்றாம் முடக்கிலேயே போய்விட்டாள். தூக்கிய நால்வரும் கேட்காமல் வேலையை விட்டுப் போனவர்கள் என்று, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அன்றைக்கு அவர்களுக்கு அரைப்பேர்தான் போட்டார். பாதிச் சம்பளம். அதற்குப் பிறகுதான் சோலைமலை தோட்டத்து லாரிச் சாவியை ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

யார்டின் பின்புறத்து மேட்டில் ஏற்றிப் பார்த்தார். பாதி மேட்டில் பின் சக்கரம் சேற்றில் சுழன்றது. சின்ன லீவரை இழுத்தார். அடியில் எங்கோ இரும்பு இரும்பைக் கவ்வியது. முன் சக்கரங்களும் பிடித்துக்கொள்ள, வண்டி முக்கி முனகி மேலே போய் நின்றது. பிரேக்கைப் போட்டு, இறங்கி, தள்ளி நின்று பார்த்தார். நகரவில்லை.

ஆனால் சத்தம்! சைலன்சரில் கை நுழைகிற ஓட்டை. டபடபவென்று ஓடி, நடுவில் ஒரு தரம் நாய் குரைப்பதுபோல் வெடித்தது. அந்த வெடிப்பைக் கேட்டதும் சோலைமலை திரும்பிப் பார்த்தார்.

"நானா, இது எங்க தோட்டத்துத் தொர வண்டியில்ல?"

"அவர்டதான். சீமைக்கி லீவுல போகக்குள்ள தந்துட்டுப் போன. ஏன், தொரட வண்டின்டா ஒனக்கு ஏறாதா?"

"எனக்கென்னங்க. ஏறுதான்னு தானே பாக்கணும்."

"நாளக்கி வா. அந்த ஓட்டைய அடச்சுத் தாரன். சும்மா இல்ல, கொஞ்சம் செலவாகும். பேட்டரியும் மாத்தினா நல்லம். அது கிழவன். ஹேண்டில் போட்டுச் சுத்தினாத்தான் எழும்பும், இல்லாட்டித் தள்ளணும்."

"நாளைக்கெல்லாம் முடியாதுங்க. வானத்தப் பாருங்க. சத்தம் போட்டா போட்டுட்டுப் போவுது. ஏறுனா போதும்."

கையில் இருந்தது வண்டிக்கே இழுபறி. காளியாயியின் தோடும் அட்டியலும்கூட அதற்குள் போய்விட்டிருந்தன. நானா சாவியைக் கொடுத்தபடி, "மனிசன் வண்டி வாங்கிறதா, வண்டிய களவெடுத்துட்டு ஓடுறதா?" என்று முணுமுணுத்தார். சோலைமலை அதற்குள் ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பெரிய ரோட்டில் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. தோட்டத்துக்குள் திரும்பியதும் நிலைமை மாறிற்று. வெளி வண்டி உள்ளே போவதற்கு ஆபீஸில் கேட்க வேண்டும். கேட்டில் வாச்சர் மாயாண்டியிடம் கெஞ்சுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தார். வேலையே இல்லை. சத்தம் கேட்டவுடனே மாயாண்டி கட்டையைத் தூக்கிவிட்டு, கண்ணைத் தரையில் நட்டு, விறைத்து நின்று சலாம் வைத்தான். வண்டிக்குள் யார் என்று பார்க்கவே இல்லை.

சோலைமலைக்குச் சிரிப்பு வந்தது. அப்பால் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களின் பேச்சு கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. எதிரே வந்த கிழவர் ஒருவர் ரோட்டை விட்டு இறங்கி, தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் செருகிக்கொண்டார். "நான்தான்யா! சோலமல!" என்று கத்தினார். அந்த டபடபப்பில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. துரை லீவு முடிந்து இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று கணக்கப்பிள்ளைமார் சொல்லிச் சொல்லியே வேலை வாங்கிக்கொண்டிருந்த காலம். சத்தம் வந்தால் ஆள் வந்ததாகத்தான் அர்த்தம்.

அடுத்த முடக்கிலும் அப்படியே ஒதுங்கினார்கள். அப்போது சிரிப்பு வரவில்லை. முதுகு தானாக நிமிர்ந்திருப்பதைச் சோலைமலை கவனித்தார். துரை அப்படித்தான் உட்காருவார். சட்டென்று கூன் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் முடக்கு வந்தது. அந்த இடத்தை அவர் பார்ப்பதில்லை. லாரி ஓட்டிய கடைசி நாட்களிலும் அங்கே வந்ததும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். இப்போதும் திரும்பினார், திரும்புகிற நேரத்தில் ரோட்டோரம் ஒரு கறுப்புக் குடை விரிந்தபடி கவிழ்ந்து கிடந்தது கண்ணில் பட்டது. யாரோ ஒதுங்குகிற அவசரத்தில் போட்டுவிட்டார்கள் போல. நிறுத்தி எடுத்து வைத்திருக்கலாம். வேறு எந்த முடக்காக இருந்தாலும் நிறுத்தியிருப்பார். லீவரை இழுத்து ஏற்றத்தில் விட்டார்.

ஏறியது. சேறு கூரை வரை அடித்தது, கல் அடியில் இடித்தது, ஒரு இடத்தில் பக்கவாட்டில் வழுக்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தது. ஆனாலும் ஏறியது. எந்த வண்டியும் வராத மேட்டு லயத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, என்ஜினை ஓட விட்டபடியே குதித்தார்.

லயம் வெறிச்சோடிக் கிடந்தது. வரிசை வீடுகளின் கதவெல்லாம் சாத்தியிருந்தது. எங்கோ ஓர் ஆடு கத்தப் போய், யாரோ அதன் வாயைப் பொத்துவது கேட்டது. லயத்தில் ஆடு வளர்க்கத் துரை விடமாட்டார். நாகலெட்சுமியின் காம்பிரா அறை பூட்டியிருந்தது. அடுத்த கதவைத் தட்டினார்.

"யாருமில்லைங்க தொரெ! ஆடு இல்லைங்க!" என்றது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்.

"பேச்சியம்மா, நான் நாகுவோட அப்பா. கதவத் தொற."

கதவு ஒரு கண் அளவுக்குத் திறந்தது. அப்புறம் முழுக்கத் திறந்தது. பேச்சியம்மா ஆட்டுக்குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"அட பாவி மனுசா! ஈரக்கொல நடுங்கிப் போச்சே. தொர வண்டியில நீங்க எங்க?"

"நாகு எங்க?"

"மத்தியானமே வலி கண்டிருச்சு. ஆண்டியப்பனும் இன்னும் மூணு பேரும் புல்லு வெட்டுற எடத்துலேருந்து கங்காணிக்குத் தெரியாம வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. இப்பத்தான் போறாங்க. வழியில பாக்கலியா?"

சோலைமலைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பேச்சியம்மா பின்னால் ஏதோ கத்தினாள். அதைக் கேட்க அவர் அங்கே இல்லை. இறக்கத்தில் வண்டியைப் பறக்க விட்டார். ஒரே ரோடு. வேறு பாதை கிடையாது. ஆண்டியப்பன் அவர் மருமகன், பறந்தா போவான்?

மூன்றாம் முடக்கில், இந்த முறை, பார்த்தார். குடை இல்லை.

போகும்போது கிடந்த குடை வரும்போது இல்லை. எடுத்தவர்கள் அடுத்த முடக்குக்குப் போயிருக்க முடியாது. அரைப்பேர் போட்ட தோட்டம். கேட்காமல் வேலையை விட்டு வந்த நாலு ஆண்கள். துரை வண்டிச் சத்தம். அவர் மேலே போகும்போது தேயிலைக்குள் ஒளிந்தார்கள். வண்டி தாண்டியதும் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். இப்போது மறுபடி சத்தம் கேட்டு, மறுபடி அவளை இறக்கி ஒளித்துவைத்திருக்கிறார்கள். இங்கேயே எங்கோ. அவர் ஓட ஓட அவர்கள் ஒளிவார்கள்.

கத்தினார். என்ஜின் அவர் குரலைத் தின்றது.

சாவியில் கை வைத்தார். நிறுத்தினால் பேட்டரி எழுப்பாது. ஹேண்டிலும் முதல் சுற்றில் பிடிக்கிற ஜாதியில்லை. கீழே இறக்கம் கொஞ்ச தூரம்தான், பாலத்தடியில் சமதரை. அங்கே போய் நின்றுவிட்டால் ஜீப் வெறும் இரும்பு.

நிறுத்தினார்.

மலை திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. மிஸ்டு மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. தேயிலைக்கு நடுவே வெட்டியிருந்த கான்களில் மழைத்தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். பிரேக்கை மிதித்து மிதித்து வண்டியைச் சத்தமில்லாமல் உருளவிட்டபடி, "நாகு! ஏ நாகலெட்சுமி!" என்று கூப்பிட்டார். "ஆண்டியப்பா! டேய், ஒன் மாமன்டா!"

கொஞ்சம் கீழே, வலப்பக்கத் தேயிலைக்குள்ளிருந்து, மெதுவாக ஒரு குரல்.

"மாமா... தொரயும் கூட இருக்காருங்களா?"

"தொரயும் இல்ல ஒரு மண்ணும் இல்ல! வண்டி நம்ம வண்டி!"

தேயிலைச் செடி ஒன்று அசைந்தது.

"நம்ம வண்டின்னா?"

"வாங்கிட்டேன்டா, வெளிய வாடா!"

நாலு தலைகள் தேயிலைக்கு மேலே எழுந்தன. நாலும் ரோட்டை மேலும் கீழும் பார்த்தன. அதற்குப் பிறகுதான் கம்பளி வந்தது. நாகலெட்சுமி முகம் சாம்பலாக, பல்லைக் கடித்தபடி கிடந்தாள். முதுகுப் பக்கம் கான் தண்ணீரில் நனைந்து சொட்டியது.

"ரெண்டு தரம், அப்பா," என்றாள். "ரெண்டு தரம் கானுக்குள்ள படுக்க வச்சு வாயப் பொத்துனாங்க. வாங்குறதுதான் வாங்குனீங்க, வேற வண்டி கெடைக்கலியா?"

"இருந்துச்சு ஆத்தா. காசு எட்டல."

பின்னால் தூக்கிக் கிடத்தினார்கள். ஆண்டியப்பன் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். "மாமா, இதையும் எடுத்துக்கிருவமா? வண்டி நின்னுட்டா..."

வேறு நாளாக இருந்தால் சோலைமலை அவனை வைதிருப்பார். "எடுத்துக்க," என்றார். கம்பு பின்பக்கம் வழியாக நீட்டிக்கொண்டு நின்றது.

மற்ற மூவரும் தள்ளினார்கள். உருண்டது. வேகம் பிடிக்கட்டும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பாலம் கண்ணுக்குத் தெரிகிற வரை பொறுத்து, கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிச் செத்தது. மறுபடி மிதித்து மறுபடி விட்டார். பாலத்தின் வாயில் அது குரைத்தது. டபடபவென்று எடுத்துக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தார்: தள்ளிய மூவரில் ஒருவர், தான் தள்ளிய வண்டிதான் என்பதை மறந்து, தலைத்துண்டை உருவிக்கொண்டு ஓரத்தில் நின்றார்.

அதற்கு மேல் வழியில் யாரும் ஒளியவில்லை, துரை என்று எண்ணி ஒதுங்கினார்கள். மாட்டு வண்டி ஒதுங்கியது. கேட்டில் கட்டை தானே எழுந்தது. மாயாண்டியின் சலாம், ஈரக் கம்பளியில் நெளிந்துகொண்டு போன நாகலெட்சுமிக்கும், நீட்டிக்கொண்டிருந்த கம்புக்கும் சேர்ந்தே கிடைத்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை உள்ளே கொண்டுபோன பிறகும் சோலைமலை என்ஜினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எழும்பாது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டால்? ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஆண்டியப்பன் படியில் உட்கார்ந்து, "ஒக்காருங்க மாமா," என்றான். உட்காரவில்லை. டயரைத் தொட்டார். சைலன்சர் ஓட்டையில் எழும் புகையைப் பார்த்தார். அந்தப் பெட்ரோல் எல்லாம் காளியாயியின் அட்டியல் என்று நினைத்தார், நினைத்தும் நிறுத்தவில்லை.

இருட்டிக்கொண்டு வரும்போது உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் மிஸ்ஸி வெளியே வந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினாள்.

"என்னாங்க மிஸ்ஸி?"

பக்கத்தில் வந்து கத்தினாள். "அந்தச் சனியனை நிப்பாட்டுங்க! புள்ள அழுதுச்சா இல்லையான்னே எங்களுக்குக் கேக்கல. கையில எடுத்து வாயப் பாத்துத்தான் அழுவுதுன்னு தெரிஞ்சுச்சு!"

"மக?"

"ஒங்க மகதான் நிப்பாட்டச் சொன்னது. போங்க."

சோலைமலை சாவியைத் திருப்பினார். வண்டி இரண்டு தரம் இருமி அடங்கியது. பிள்ளையின் அழுகை நிஜமாகவே கேட்டது. மெலிசாக, கோபமாக, விடாமல். ஆண்டியப்பன் எழுந்து உள்ளே ஓடினான். சோலைமலை, காளியாயியிடம் சொல்லத் தேடுகிறவர்போல் பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த வெற்றுச் சீட்டுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.