ஒன்பது வயசுக் கதை

இருபது நாள் லாரி ஓட்டிவிட்டு அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் டிரைவர் செய்த முதல் வேலை, அக்காவின் ஐந்து வயது மகள் வாலுவைத் தூக்கித் தாடியைக் கன்னத்தில் உரசியதுதான். அவள் இரண்டு கையாலும் அவன் மார்பைத் தள்ளினாள்.

"முத்தம் வேண்டாம் மாமா."

"மாமாகிட்டயே வேண்டாமா?" என்று அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"வேண்டாம்னு சொன்னேன்ல."

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "இறக்கி விடுடா. அவதான் வேண்டாம்ங்குறாளே."

அவனுக்கு முகம் செத்துப்போனது. வாங்கி வந்த பொம்மை லாரியைக் கூடத்தில் வைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தான். பெற்ற பிள்ளை மாதிரி தூக்கி வளர்த்தவனைப் போய் யாரோ எவனோ மாதிரி நடத்துகிறார்களே என்று மனசு குமைந்தது.

கொஞ்ச நேரத்தில் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் அக்கா, குளிப்பாட்டிக்கொண்டே மகளிடம் பேசுவது கூடம் வரை கேட்டது.

"ஜட்டி மறைக்கிற இடத்தை யாராவது தொட்டா?"

"வேண்டாம்னு கத்துவேன். ஓடி வந்து உன்கிட்ட சொல்லுவேன்."

"அம்மாகிட்ட சொல்லாதே, இது ரகசியம்னு சொன்னா?"

"அப்பவும் சொல்லுவேன். நீ திட்டுவியா?"

"திட்டவே மாட்டேன். நீ சொல்றதை அப்படியே நம்புவேன்."

டிரைவருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

தலை துவட்டிய வாலு பொம்மை லாரியை உருட்டிக்கொண்டு உள்ளறைக்கு ஓடியதும், அக்கா ஈரக் கையோடு வந்தாள். "கோவமாடா?"

"இல்லக்கா." அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "சின்ன வயசுல எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு ஒருத்தர் வருவாரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நீ திடீர்னு டியூஷனே வேண்டாம்னு அடம் பிடிச்சு, அம்மாகிட்ட செம அடி வாங்கினியே."

"அவர்தான்க்கா." தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஒன்பது வயசு எனக்கு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு. சொல்லல."

அக்கா அப்படியே அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. வெகுநேரம் அவன் தோளில் கை வைத்திருந்தாள்.

"அப்ப சொல்லியிருந்தா அம்மா நம்பியிருப்பாங்களாக்கா?"

"தெரியலடா. நான் நம்புறேன்."

முப்பத்தைந்து வயது ஆள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்த வாலு, "மாமாவுக்கு என்னம்மா?" என்றாள்.

"மாமா எங்கிட்ட ஒரு விஷயம் சொன்னாருடா கண்ணு. ரொம்ப நாளா சொல்ல முடியாம வச்சிருந்தாரு."

"நீ திட்டலையே?"

"இல்ல," என்றான் டிரைவர், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "திட்டல."