வெயிலில் தெரிந்த எழுத்து

மாசி மாதத்தில் செம்மொழியின் பகல் முழுவதும் நெல்லுக்குத்தான். அறுத்து வந்த சம்பா நெல்லைச் சாலையோரக் களத்தில் பரப்பிவிட்டு, ஈரம் போகும்வரை அவள் காவல் இருப்பாள். அவ்வப்போது நெல்லுக்குள் நடந்து காலால் கிளறிவிட வேண்டும். ஆடு வந்தால் விரட்ட வேண்டும். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான்.

அந்த நேரத்தில் படிக்க முடிந்திருந்தால் ஆசிரியர் தகுதித் தேர்வில் போன முறையே தேறியிருப்பாள். பாடக் குறிப்புகள் எல்லாம் கைப்பேசியில் இருந்தன. களத்து வெயிலில் அதன் திரையில் அவள் முகம்தான் தெரிந்தது. அச்செடுத்தும் பார்த்தாள். தாள்களில் பாதியைக் காற்று கொண்டுபோயிற்று. மீதியை ஆடு தின்றது.

அடுத்த தேர்வுக்கு ஒரு மாதமே இருந்தது. வெயிலில் படிப்பதற்கென்று ஒரு கருவி இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவளுடைய அப்பா மருதையன் தாமாகவே அவளைப் பாபநாசத்துக்கு அழைத்துப் போனார். அவர்கள் வசதிக்கு ஒன்றுதான் வாங்க முடியும். தவறான பொருளை வாங்கிவிட்டால், இந்தத் தேர்வும் போனதுபோலத்தான்.

கடைக்காரர் சித்தீக் அவர்கள் ஊருக்குப் பழக்கமானவர். அவர்கள் கைக்கு எட்டுகிற விலையில் அவரிடம் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று டேப், அதன் திரையில் மயில் ஒன்று தோகை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. இன்னொன்று புத்தகம் படிப்பதற்கு மட்டுமான இ-ரீடர். அது பெட்டிக்குள் முத்திரையோடு இருந்ததால், அதே போன்ற ஒன்றுக்கு உறை வாங்க வந்திருந்த தேவாலய உபதேசியார் அடைக்கலராஜிடம் சித்தீக் அவருடையதைக் கேட்டு வாங்கிக் காட்டினார். வெளியில் படிக்க இதுதான் சரி என்றும், உள்ளே விளக்கு இல்லாத பழைய மாடல் என்பதால்தான் விலை குறைவு என்றும் சொன்னார்.

மருதையன் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்த்தார். நெல்லை அள்ளினால் மணி எது, பதர் எது என்று கையே சொல்லிவிடும் அவருக்கு. எடையில்லாத எதன்மேலும் நம்பிக்கை கிடையாது.

"இது பதரு பாப்பா," என்று இ-ரீடரைக் காட்டினார். "உள்ள ஒண்ணுமே இல்ல. அந்தா அதப் பாரு, பால் புடிச்ச கதிரு மாதிரி கனமா இருக்கு. நெறமும் இருக்கு."

"அண்ணே, நான் சொன்னா விக்காத சரக்கத் தள்ளுறேன்னு நெனைப்பீங்க," என்று சித்தீக் சிரித்தார்.

"நெனைக்கத்தான் செய்யுறேன் தம்பி," என்றார் மருதையன்.

செம்மொழிக்கும் உறுதியாகத் தெரியவில்லை. கடைக்குள் டேப் பளிச்சென்றிருந்தது. இ-ரீடரோ மழையில் நனைந்து காய்ந்த செய்தித்தாளைப் போல மங்கிக் கிடந்தது. அப்பாவின் கையும் இதுவரை தப்பியதில்லை. ஆனாலும் அவளுக்கு ஒன்று தோன்றியது.

"கொள்முதல் நிலையத்துல நெல்ல மூட்டைக்குள்ள வச்சேவாப்பா பாக்குறாங்க? வெளிச்சத்துல கொட்டித்தானே பாக்குறாங்க. இதையும் வெளிய கொண்டுபோய்ப் பாப்போம்."

சித்தீக் டேப்பை மேசையோடு கட்டியிருந்த கம்பியைக் கழற்றிக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து உபதேசியார் ஏற வேண்டிய பஸ் எதிரே வந்து நின்றது. செம்மொழி அவருடைய இ-ரீடரை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"அடுத்த பஸ்ஸுல போறேம்மா. நீ நிதானமா பாரு," என்றார்.

கடவுள் செய்யும் உதவிகள் பெரும்பாலும் இப்படித்தான், பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கும் யாரோ ஒருவர் கையில் வந்து சேர்கின்றன.

தெருவில் உச்சி வெயில். டேப்பில் மயில் காணாமல் போயிருந்தது. எதிர்க்கடைப் பலகையும் மருதையனின் மீசையும்தான் தெரிந்தன. அதன் திரையை அணைத்துவிட்டு அவள் இ-ரீடரை எடுத்தாள். பெண்ணுக்கு நிழல் தருவதாக நினைத்து அப்பா சூரியனை மறைத்துக்கொண்டு நின்றார்.

"தள்ளி நில்லுப்பா. வெயில் படட்டும்."

அவர் நகர்ந்தார். எழுத்துகள் அச்சிட்ட தாளில் இருப்பதுபோலக் கறுத்துத் தெரிந்தன. மருதையன் நம்பாமல் அதை வாங்கி நிழலுக்கும் வெயிலுக்குமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதில் திறந்திருந்த உபதேசியாரின் ஜெபப் புத்தகத்திலிருந்து ஒரு வரியை எழுத்துக் கூட்டி, தெருவே கேட்கும்படி வாசித்தார். அடைக்கலராஜ் பழக்கத்தில் "ஆமென்" என்றார்.

ஆனால் அவள் கைப்பேசியிலிருந்த குறிப்புகளை அதில் ஏற்றிப் பார்த்தபோது மனம் சோர்ந்தது. பெரிய தாளைப் படமெடுத்த பக்கங்கள் அவை. சின்னத் திரைக்குள் எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன. பெரிய திரை உள்ளது இவர்களால் வாங்கக்கூடிய விலையில் இல்லை என்று சித்தீக் வருத்தத்தோடு சொன்னார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, பக்கம் படுக்கைவாட்டில் தெரியும்படி மாற்றி, ஓரத்து வெள்ளையை வெட்டிக் காட்டினார். எழுத்து பெரிதாயிற்று. ஆனால் ஒரு நேரத்தில் அரைப் பக்கம்தான் தெரிந்தது.

"அரைப் பக்கம் போதும்ணே," என்றாள் செம்மொழி. அவள் குரலில் தயக்கம் இல்லை. "அத முடிச்சா எந்திரிச்சு நெல்லக் கிளறணும். வந்து உக்காந்தா மீதி. எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. இதையே குடுங்க."

மருதையன் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பெட்டியை வாங்கித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் நண்பகலில் அவர் சோறு கொண்டு களத்துக்கு வந்தார். செம்மொழி வெயிலுக்கு முதுகைக் கொடுத்தபடி, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள். நெல் கிளறும் நேரம் வந்திருந்தது. அவள் எழுந்திருக்கப் போனாள்.

"நீ உக்காரு. மீதிப் பாதியையும் படி," என்றார்.

தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரே நெல்லுக்குள் இறங்கினார்.