குரங்கா, கிளியா?

உயிரியல் பூங்காவில் கபுச்சின் குரங்குகளைப் பராமரிப்பவள் அண்ணி. எதிர்க்கூண்டில் சாம்பல் கிளிகளைப் பார்த்துக்கொள்பவள் அவளுடைய நாத்தனார். "குரங்கோட குடித்தனம் நடத்துறவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா?" என்று உறவுக்காரர்கள் முன்னால் நாத்தனார் கேட்டதிலிருந்து, ஒன்றரை வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

குரங்கையும் கிளியையும் ஒப்பிட்டு ஒரு தகவல் பலகை வேண்டும் என்றார் பூங்கா டாக்டர்.

"கிளி பேசும், குரங்கு திருடும். எழுதிக்கோங்க," என்றாள் நாத்தனார்.

"சொன்னதையே சொல்றதுதான் புத்தின்னா, இங்க ஒருத்தங்க பெரிய மேதைன்னு அவங்ககிட்ட சொல்லுங்க டாக்டர்," என்றாள் அண்ணி.

"நான் என்ன தபால்காரனா? சோதனை வெச்சே பார்த்துடலாம்."

மறுநாள் காலை, தாழ்ப்பாள் போட்ட இரண்டு மரப்பெட்டிகள்; குரங்குக்கு ஒன்று, கிளிக்கு ஒன்று, எது முதலில் திறக்கிறது என்று பார்க்க. உள்ளே முந்திரி வைப்பது நாத்தனார் வேலை. நேரம் குறிப்பது அண்ணி. முதல் சுற்றில் குரங்கு முந்திக்கொண்டது. முதுகைக் காட்டியபடி எதையோ தின்றது. இரண்டாம் சுற்றிலும் அதுதான் முதலில் திறந்தது. ஆனால் தின்னவில்லை. எதிரே கிளியின் காலிடுக்கில் இருந்த முந்திரியை உற்றுப் பார்த்தது. பிறகு தன் பெட்டியில் இருந்ததை எடுத்து கம்பி வழியே வீசியது. நாத்தனார் கன்னத்தில் பட்டு விழுந்தது ஒரு வெள்ளரித் துண்டு.

"முந்திரி எங்கடி?" அண்ணி நேராகவே கேட்டுவிட்டாள்.

"தீர்ந்துபோச்சு."

டாக்டர் நாத்தனாருடைய மேலங்கிப் பையைக் காட்டச் சொன்னார். பை நிறைய முந்திரி.

"வெள்ளரின்னா குரங்கு அக்கறையாத் திறக்காதுன்னு நெனச்சேன். அது ஜெயிச்சா இவ வீட்ல தலைகால் தெரியாம ஆடுவா டாக்டர்!"

அன்றே நாத்தனாரைத் தீவனக் கிடங்குக்கு மாற்றினார்கள். கிளிகளும் அண்ணி பொறுப்புக்கு வந்தன. 'கபுச்சின்: பாரபட்சம் காட்டினால் பொறுக்காது' என்று பலகையில் முதல் வரியை அவள் ஆசை தீர எழுதினாள்.

ஆனால் கிளிகள் அவள் கையிலிருந்து ஒரு பருப்புகூட வாங்கவில்லை. நாத்தனாரின் குரலிலேயே "வா கண்ணு, வா கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் ஒன்று அவள் விரலை ரத்தம் வரக் கடித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு பலகைக்குப் போனாள். இரண்டாவது வரியை எழுதினாள்: 'சாம்பல் கிளி: வளர்த்தவரை மறக்காது.'

தீவன மூட்டையோடு வந்த நாத்தனார் அதைப் படித்தாள்.

"எனக்காக எழுதினியா?"

"கிளிக்காக எழுதினேன். உன்னைக் கண்டா எனக்கு இன்னும் பத்திக்கிட்டுதான் வருது."

"எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு?" என்றபடி நாத்தனார் மூட்டையை அவள் காலடியில் தொப்பென்று போட்டாள். கிளிகளைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவை கூப்பிட்டுக்கொண்டே இருந்தன.