சந்தனம் வைத்த பெட்டி

நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதற்கு அவசியம் வந்ததில்லை. எனக்கு நடந்ததெல்லாம் அப்படி.

போர் முடிந்த மறு வருஷம், மதுரையில் ஜலீல் பாயிடம் மைக்செட் வேலை பார்த்தேன். எங்கள் மைக்செட் என்பது பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் அவர் எடுத்த ஒரு பெட்டி. எவனோ ஒரு வெள்ளைக்காரச் சோல்ஜர் கிட்டார் வாசிக்க வைத்திருந்ததாம். கீழே வால்வுகள், மேலே ஸ்பீக்கர், எல்லாம் ஒரே மரப்பெட்டிக்குள். கரண்டு இல்லாத ஊர்களுக்காக மோட்டார் பேட்டரியில் ஓடும்படி மாற்றியிருந்தோம்.

இந்தப் பெட்டிக்காகப் பாய் தம் மாமனார் ஷேக் தாவூதின் ஜவுளிக்கடையை விட்டு வந்தவர். மாமனாருக்கு அது பொறுக்கவில்லை. ஏதாவது ஒரு விசேஷத்தில் பெட்டி வாயை மூடினால் மறுநாளே கடைக்கு வந்து முழக்கோலைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். பாயும் வீம்புக்கு ஒப்புக்கொண்டிருந்தார்.

ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் கொட்டாம்பட்டி முத்திருளன் மகள் ஜெயக்கொடிக்குக் கல்யாணம். கெட்டிமேளம் சொன்னால் வயலில் உழுகிறவனுக்கும் கேட்கும் என்று முத்திருளன் ஏழு ஊரில் சொல்லிவிட்டார். அதற்கு மூன்று நாள் முன்னால் பாய் மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிப் பார்த்தார். சளி பிடித்த கிழவன் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் வந்தது.

மைக்கை மாற்றிப் பார்த்தேன், அதே கிழவன். வால்வுகளை ஒவ்வொன்றாக மாற்றினேன், கிழவன் அசையவில்லை. ஸ்பீக்கரின் கம்பிகளைக் கழற்றி டார்ச் லைட் செல்லை அதில் தொட்டேன். நல்ல ஸ்பீக்கர் என்றால் 'டக்' என்னும். இது தொண்டையைச் செருமியது. ஐந்து விரலையும் விரித்துக் காகிதக் கூம்பை மெல்ல அமுக்கினேன். மூச்சு விடுவதுபோல் உள்ளே போய் வர வேண்டியது, மணலில் உரசுவதுபோல் நறநறத்தது. காகிதத்துக்குப் பின்னால் காயில் என்கிற கம்பிச்சுருள், அதைச் சுற்றிக் காந்தம். இரண்டுக்கும் நடுவே தலைமுடி போகிற இடம்தான். அங்கே ஏதோ புகுந்திருக்கிறது.

டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கூம்பின் நடுமையத்தில் ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம்.

சரஸ்வதி பூசையன்று பாய் வீட்டுக்குப் போன பிறகு, ஸ்க்ரூடிரைவர், குறடு, பேட்டரி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தவன் நான்தான். ஸ்பீக்கருக்கு வைத்தபோது சந்தனம் கொஞ்சம் தண்ணியாகிவிட்டது. வழிந்து, இடுக்கில் இறங்கி, கல்லாகிவிட்டது.

"என்ன மாப்ள இருக்கு உள்ளே?" என்றார் பாய்.

"தூசி, பாய்."

அவர் மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார். சளி என்று நினைத்தேன்.

சுரண்டி எடுக்கப் பார்த்ததில் காயில் கம்பி அறுந்தது, காகிதமும் இரண்டாகக் கிழிந்தது. புது ஸ்பீக்கருக்குப் பட்டணத்துக்கு எழுத வேண்டும். நாளும் இல்லை, பணமும் இல்லை. பழைய இரும்புக் கடையில் இதன் கூடப் பிறந்தது ஒன்று கிடைத்தது. காந்தம் சுகம். காயிலில் செல்லைத் தொட்டால் மெல்லிசாக 'டக்' என்றது. காகிதத்தை மட்டும் கரையான் தின்றிருந்தது. பழுப்புத் தாளை ஒட்டினேன், குறட்டை விட்டது. காலண்டர் அட்டையை ஒட்டினேன், ஊமையானது.

அடுத்த வீட்டு மரியம் பீவி கல்யாண வீடுகளுக்கு அப்பளம் இடுகிறவர். மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தவற்றைத் தட்டிப் பார்த்தேன். கணீர் என்றது. தாம்பாளம் அகலத்துக்கு ஒன்று கேட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. உப்பு எம்புட்டு என்று மட்டும் கேட்டார். ஈரத்தோடு புனலில் கவிழ்த்து இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். காய்ந்ததும் நடுவில் காயிலை ஒட்டி, ஓரத்தைப் பசையால் பிடித்தேன். பாய் மைக்கில் ஒன்று என்றார். தெருவில் போன வண்டிமாடு நின்றுவிட்டது.

கல்யாணத்தன்று பெட்டியைப் பந்தல் காலின் உச்சியில் கட்டினோம். ஷேக் தாவூது முதல் பஸ்ஸிலேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார், கையில் முழக்கோலோடு. முத்திருளன் மைக்கில் ஒரு தரம் இருமினார். மேலூர்ச் சந்தையில் ஒரு கூடைக்காரி திரும்பிப் பார்த்தாளாம், பிற்பாடு சொன்னார்கள்.

வால்வுச் சூடு மேலே ஏறும் என்பதை நான் யோசிக்கவில்லை. அரை மணியில் வாசனை கிளம்பியது. சமையல்காரர் பேயாண்டி கரண்டியோடு ஓடி வந்தார்.

"எவன்யா எனக்கு முன்னாடி அப்பளம் பொரிக்கிறது?"

யாருக்கும் தெரியவில்லை. நான் மேலே பார்க்கவில்லை. பெட்டியை நிறுத்தினால் பாய் முழக்கோலைப் பிடிக்க வேண்டும். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பொரியப் பொரிய ஸ்பீக்கரின் குரல் வேறு தெளிந்துகொண்டே வந்தது.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். முத்திருளன் மைக்கைப் பிடுங்கி, அடிவயிற்றிலிருந்து கெட்டிமேளம் என்றார்.

படார்.

பொன்னிறமாகப் பொரிந்த அப்பளம் பந்தல் முழுக்கப் பறந்தது. பெண் தலையில், மேளக்காரர் மடியில், ஷேக் தாவூதின் தொப்பியில். தவில் நின்றது. மாப்பிள்ளையின் கை பாதி வழியில் நின்றது. நானூறு பேர் இருந்த பந்தலில் யாரோ மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அது முத்திருளன். அண்ணாந்து பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மிச்சத் துண்டையும் வாயில் போட்டார்.

"இன்னொன்னு வெடிங்கப்பா. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒன்னும் விழுகல."

மேளம் மறுபடி முழங்கியது, தாலி ஏறியது. அட்சதைக்குப் பதில் பட்டணத்தில் இப்படித்தான் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஷேக் தாவூது தொப்பியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"மருமவனே, பெட்டி வாயை மூடிருச்சுல்ல?"

"எங்க மாமா மூடுச்சு? திறந்துச்சு, அம்புட்டுத்தான்."

பாயைச் சுற்றி ஐந்து பெண்வீட்டுக்காரர்கள் நின்று, தை மாசத்துக்குத் தேதி குறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அப்பளம் உண்டா என்று கேட்டுக்கொண்டார்கள். முழக்கோலை மைக் கட்ட எங்களிடமே விட்டுவிட்டுப் பெரியவர் பஸ் ஏறினார்.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூசைக்கு முந்தின நாள். பாய் வீட்டுக்குப் புறப்பட்டவர், ஒரு கிண்ணத்தை என் முன்னால் வைத்தார். அதில் சந்தனம்.

"இந்த வருசம் கெட்டியாக் கரைச்சிருக்கேன் மாப்ள. பெட்டிக்கு வெளியவே வையி."

பெட்டிக்கு வெளியே ஒரு பொட்டு வைத்துவிட்டு விரலை மோந்து பார்த்தேன், போன வருஷத்துத் தூசி வாசனையேதான்.